கடைசி ஆறு அங்குலம்

…ஓடட்டும், அது பாட்டுக்கு ஓடட்டும், வெறும் பதினெட்டு அங்குலம், எத்தனை மைல் இரும்பைச் சீவித் தள்ளியிருக்கும் இந்த லேத், இன்றைக்கு இந்தப் பதினெட்டு அங்குலத்தில் வந்து காலை வாரிவிடுமா என்ன, வாராது, ஞானமணிக்குத் தெரியும், தெரிந்தாலும் கண்ணை டூல் முனையிலிருந்து எடுக்க முடியவில்லை. வலது ஓரத்தில் தொடங்கியாயிற்று, இனி டூல் இம்மி இம்மியாக இடப்பக்கம் நகர்ந்து, இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும், அதுவரை யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மில் முதலாளி தேனம்மை ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில், உமித்தூசிக்குப் பயந்து மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு. ஆச்சியின் மகள் விசாலி, பெங்களூரிலிருந்து வந்தவள், செல்போனை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு. லேத்துக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, அளக்க வந்த முத்துக்கண்ணன். அவனுக்குப் பின்னால் பட்டறை வாசலை அடைத்தபடி லாரி, லாரிப் படியில் உட்கார்ந்து டீ குடிக்கிற பழைய இரும்புக்காரர். மனிதருக்கு ஒரு அவசரமும் இல்லை. சுற்றுகிற இந்த இரும்புத் தண்டு, ஷாஃப்ட், ஒரே பருமனில் வந்தால் லேத்தும் அதன் பக்கத்தில் நிற்கிற, இரும்பை இழைக்கும் ஷேப்பரும் துளை போடும் மெஷினும் இங்கேயே இருக்கும், ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்து வந்தால் மூன்றும் அவர் லாரியில் ஏறும், ஏறாவிட்டாலும் மில்லின் பழைய தகரமும் எலிவேட்டரும் அவருக்குத்தான், அதனால்தான் அப்படி ஆற அமர டீயை ஊதிக்கொண்டிருக்கிறார்.

ஒரு தவ், அதுதான் பேச்சு. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றைப் பட்டறையில் தவ் என்பார்கள், தலைமுடியைவிட மெல்லிசு, மூன்று இடத்தில் அளந்து பார்ப்பார்கள், ஒரு தவ்வுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வித்தியாசமா, துரையிடமா? பட்டறையில் எல்லோரும் லேத்தைத் துரை என்றுதான் சொல்வார்கள், இங்கிலாந்திலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, ரயிலில் ஏறி, கடைசியில் நாலு மாட்டு வண்டியில் பிரிந்து புதுவயலுக்கு வந்து சேர்ந்ததாம், டூல் ஊர்ந்து போகிற இரும்புத் தளமான அதன் பெட்டில் வார்ப்பிலேயே ஹாலிஃபாக்ஸ் என்று பெரிய எழுத்து, ஊர்ப் பெயராம் அது. பிலவேந்திரன் வாத்தியார் இருக்கிறாரே, ஞானமணியின் வீட்டுக்காரர், கல்லல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நிலவரைபடத்தில் அந்த ஊரைக் காட்டி 'இங்கிருந்துதான்டா எங்க வீட்டு மாப்பிள்ளை வந்தார்' என்று சொன்ன ஆள், இன்று காலைகூட இட்லியைப் பிட்டபடி, என்ன ஞானம், உன் துரைக்குப் பரீட்சையாமே, விபூதி கிபூதி பூசிவிட்டியா என்று கிண்டல்… மனிதருக்கு ஓய்வு பெற்ற பிறகு நாக்கு இன்னும் நீண்டுவிட்டது. ஆனாலும் வாசல்வரை வந்து, தைரியமாப் போ என்று சொன்னார், அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

சத்தம் நன்றாக இருக்கிறது, பெல்ட்டின் இணைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று தட்டுவது, இரும்பு சீவப்படும்போது வருகிற அந்த மெல்லிய உஸ்… கூர்மையான டூல் என்றால் இப்படித்தான் பேசும், மொட்டை டூல் அலறும். இந்தச் சத்தத்துக்காகத்தானே இருபத்தைந்து வயசில் இந்தப் பட்டறைக்குள் வந்தாள். ஐ.டி.ஐ.யில் லேத் வேலை படிக்கிற டர்னர் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண், தையல் பிரிவுக்கு வழி அங்குட்டு என்று முதல் நாள் காவலாளி கை காட்டினான், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், கையெல்லாம் எண்ணெயும் கரியுமா இருந்தா எவன்டி வருவான் உன்னக் கட்ட என்று. வந்தானே ஒரு வாத்தியார்! மில்லில் அப்போது இருந்த டர்னர் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான், அறுவடை நேரம், வேறு ஆள் அகப்படவில்லை, மெய்யநாதன் செட்டியார், ஆச்சியின் வீட்டுக்காரர், பெரிய மனிதர், சரி ஒரு வாரம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு வாரமும் பட்டறை வாசலில் கூட்டம், மூட்டை தூக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், களத்தில் நெல் கிளறுகிற பெண்கள், சேலை கட்டின பொம்பளை லேத் ஓட்டுகிறாளாம் என்று சர்க்கஸ் பார்க்கிற மாதிரி. சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டி, முந்தியை உள்ளே செருகி, நெல் குத்துகிற ஹல்லருக்கு ஒரு ஷாஃப்ட் கடைந்து எடுத்துச் செட்டியார் கையில் கொடுத்தாள், பேரிங் அதில் கையாலேயே ஏறி உட்கார்ந்தது, சுத்தியல் தேவைப்படவில்லை. செட்டியார் கூட்டத்தைப் பார்த்து, போய் வேலையைப் பாருங்கப்பா என்றார், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு அதற்குப் பிறகும் கிடைத்ததில்லை.

மூன்று அங்குலம் வந்துவிட்டது. சூடு அடங்கப் புரசால் சோப்பாயிலைத் தொட்டு வெட்டின இடத்தின் மேல் தடவினாள், புகை மாதிரி லேசாக ஆவி எழும்பியது, இடது கையை வழக்கம்போல, டூலை உள்ளே தள்ளுகிற குறுக்கு ஸ்லைடின் ஹேண்டில் மேல் வைத்துக்கொண்டாள். விசாலி ஸ்டாண்டை இன்னும் பக்கத்தில் இழுத்து, அக்கா கையை எடுத்துராதீங்க, அப்படியே இருக்கட்டும், அந்தப் பளபளன்னு இருக்குற வளையமும் உங்க கையும் ஒண்ணா விழுது, ரொம்ப அழகா இருக்கு என்றாள். வளையம் பளபளப்பது இன்று காலையிலிருந்துதான். அது ஒரு கூத்து. ஹேண்டிலின் அடியில் இருக்கிற அந்த வளையத்தில் சுற்றிலும் நுணுக்கமாகக் கோடு போட்டிருக்கும், ஒரு கோடு நகர்ந்தால் டூல் உள்ளே போய் ஷாஃப்டின் பருமனில் ஒரு தவ் குறைந்ததாகக் கணக்கு, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வேலை செய்வார்கள். இவள் மூத்தவளைப் பெற்று வீட்டில் கிடந்த வருடம் ஆயுத பூஜைக்கு மில்லுக்கே வெள்ளையடித்த பெயின்டர், மெஷின்களுக்கும் ஒரு பூச்சு என்று பச்சை எனாமலைக் குழைத்து, துரையின் தலை முதல் கால்வரை பூசிவிட்டான், வளையத்தையும் விடவில்லை, கோடெல்லாம் பச்சைக்குள் போயிற்று. திரும்பி வந்தவளுக்கு வயிறு எரிந்தது, சுரண்டி எடுக்கலாம் என்று பிளேடைக்கூட எடுத்தாள், அந்தப் பச்சைக்கு மேலேயே சந்தனமும் குங்குமமும் வட்டமாக வைத்திருந்தார்கள், பூஜைப் பொட்டை, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி சுரண்டிப் போட்டாள் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இருந்தாலும் கை வரவில்லை, பிளேடை வைத்துவிட்டாள். அடுத்த வருடம் அதன் மேல் இன்னொரு பூச்சு, அதற்கடுத்த வருடம் இன்னொன்று. கோடு இல்லாமலே வேலை செய்யப் பழகிவிட்டாள், பழகின பிறகு அதுவே ஒரு மிடுக்கு, யாராவது கேட்டால், அளவுக் கரண்டியப் பாத்தா உப்புப் போடுறோம் என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

இன்று காலை முத்துக்கண்ணன்தான் தின்னரும் பனியன் வேஸ்ட்டும் கொண்டுவந்து உட்கார்ந்து அதைத் துடைத்தான். இருபத்தெட்டுப் பூச்சு இருக்கும், பச்சைத் தோல் உரிந்து உரிந்து வந்தது, கடைசியில் கோடுகள், எண்கள், நேற்றுத்தான் வெட்டின மாதிரி. கோடு தெரிஞ்சாத்தானக்கா பரீட்சைக்கு மரியாதை, நாளைக்கு நீங்களும் குறை சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது என்றான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் அவன் இதை இருபது வயசிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான், அந்தப் பெயின்ட்ட எடுத்துருவோம்க்கா என்று, அப்போது இவள் விடவில்லை. விட்டிருக்கலாமோ? ஏன் விடவில்லை? கோடு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடுவார்கள் என்றா… சே, அப்படியெல்லாம் நினைக்கவில்லை, பூஜைப் பெயின்ட் என்றுதான் விட்டாள். நினைப்பு எங்கெங்கோ போகிறது, ஷாஃப்டைப் பார் ஞானமணி. ஆறு அங்குலம். வெட்டின இடம் கண்ணாடி மாதிரி வருகிறது.

கண்ணாடி என்றதும் அந்த நினைப்பும் வந்து தொலைத்தது, விசாலி போன வாரம் சொன்னாளே, துரையின் பெட்டுக்கு மேல் பெரிய கண்ணாடிப் பலகை போட்டு அவள் நடத்துகிற ஹெரிட்டேஜ் ஓட்டலின் முன்கூடத்தில் மேசையாக வைக்கலாமா என்று. பாவம், கெட்ட எண்ணம் இல்லை, காயலான் கடைக்குப் போவதற்கு இது மேல் இல்லையா அக்கா என்று கண்ணை விரித்துக் கேட்டது அந்தப் பெண். இவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஷேப்பருக்கு மேலே பூந்தொட்டி வைப்பீகளோ, சக்குக்குள்ள ஊதுபத்தி செருகுவீகளோ என்று கேட்டுவிட்டாள், முதலாளி வீட்டுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது, ஆச்சியே சிரித்துவிட்டாள். ஆச்சிக்கு மேசையும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம், மில் முழுக்கப் புது மெஷின் வந்துவிட்டது, பட்டறை இடத்தில் அரிசி அடுக்க கோடவுன் வேண்டும், அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இது வேலை செய்யுமா செய்யாதா, செய்யும்னா பட்டறை இருக்கட்டும், நம்ம மில்லு சாமானும் செய்யலாம், பக்கத்து மில்லுக்காரனும் வருவான், நீயே பொறுப்பாப் பாரு, செய்யாதுன்னா எனக்குக் காட்சிக்கு வச்சு அழகு பாக்க எடம் இல்ல. நியாயமான பேச்சு. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தீர்மானிக்க ஆச்சி யாரைக் கூப்பிட்டாள்? சாக்கோட்டை ரோட்டில் கம்ப்யூட்டர் லேத் இரண்டு வைத்து ஓகோ என்று பட்டறை நடத்துகிற முத்துக்கண்ணனை. அவன் வந்தான், பெட்டை விரலால் தடவினான், சக் பக்கம் தேஞ்சு போச்சு ஆச்சி, நேரா வேலை வராது என்று சொல்லிவிட்டு இவள் முகத்தைப் பார்க்காமலே போனான். அப்போதுதான் இவள், ஆச்சி, ஒரு ஷாஃப்ட் கடஞ்சு காட்டுறேன், அவனே அளக்கட்டும், அவன் கொண்டாந்த அளவுகோல்லயே அளக்கட்டும் என்றாள்.

பெட் தேய்ந்துவிட்டது… பதினேழு வருடத்துக்கு முன்னாலும் இதே பேச்சுத்தான் பேசினான். அப்போது அவன் இங்கே இரண்டாவது டர்னர், இருபத்தாறு வயசு, சுறுசுறுப்பான பையன், டூல் பிடிப்பதில் இவளுக்கே பொறாமை வரும், ஆனால் அவன் கடைந்த எந்த ஷாஃப்டும் சக் பக்கம் இரண்டு தவ், இரண்டரை தவ் பெருத்துத்தான் வரும். தை மாசம், நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டரின் ஷாஃப்ட் உடைந்து மில் நின்றுபோயிற்று, வெளியே நெல் லாரி வரிசை கட்டி நிற்கிறது, அவன் கடைந்து கொண்டுபோன ஷாஃப்டில் பேரிங் ஏறவில்லை, அடித்து ஏற்றியதில் பேரிங் உடைந்தது. அவன் அப்போதும், அக்கா, என் மேல தப்பில்ல, பெட் தேஞ்சிருக்கு என்றான். எல்லோர் முன்னாலும் சொன்னான், அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை, துரையைச் சொன்னது அவள் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி இருந்தது. இன்னொரு இரும்பை எடுத்து மாட்டினாள், அதே லேத், அதே டூல், அத்தனை பேரும் பார்க்கக் கடைந்தாள், அளந்து காட்டினாள், முனைக்கு முனை ஒரே அளவு. இப்ப என்னடா சொல்ற, லேத்து மேல பழி போடாத, உன் கையில கோளாறு, என்றாள். கத்திச் சொன்னாள், மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். முத்து கையைத் துடைத்தான், மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை, பிறகு கோயம்புத்தூரில் இருக்கிறான் என்றார்கள். கை மேல் நம்பிக்கை போனவன்தான் கம்ப்யூட்டர் லேத் வாங்கினானோ? அதில் கைக்கு வேலை இல்லை, எண்ணைத் தட்டிவிட்டுத் தள்ளி நிற்கலாம். நன்றாகத்தானே இருக்கிறான், கார் வைத்திருக்கிறான், அவள் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனான். சாப்பிடாமல் போனதை அன்றே கவனித்தாள், பந்தியில் தேடினாள்.

பன்னிரண்டு அங்குலம் தாண்டிவிட்டது, இனி கடைசி ஆறு. முத்து கையைக் கட்டினபடியே ஒரு அடி சக் பக்கம் நகர்ந்து நின்றான், கண் டூலின் முனையிலேயே இருந்தது, ஆச்சியும் கைக்குட்டையை இறக்கினாள், என்ன ஏது என்று தெரியாவிட்டாலும் இடம் வந்துவிட்டது என்று தெரிந்திருக்கிறது. தெருப்பக்கம் ஒரு லாரி காற்று ஒலிப்பானை அடித்துக்கொண்டு அறந்தாங்கிப் பக்கம் போயிற்று, கொதிநெல் வாடை குப்பென்று வந்து அடங்கியது. ஞானமணி மாதாவே என்று ஒரு தடவை சொன்னாள், பிறகு சொல்லவில்லை, சொன்னால் துரையை நம்பவில்லை என்று ஆகிவிடும். இதோ பதினைந்து, இதோ இன்னும் மூன்று விரல்கடை… இரும்புச் சுருள் அறுபடாமல் நீளமாகத் தொங்கி, மெல்ல நீலம் பாரித்து விழுந்தது. அவள் பார்வை முழுக்க அதில்தான் இருந்தது, உடம்பு இருக்கிற இடமே தெரியவில்லை, கால் கடுப்பதுகூடத் தெரியவில்லை. டூல் எல்லைக்கு வந்ததும் விசையைத் தட்டி நிறுத்தினாள், டக் டக் மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

முத்து தன் டிஜிட்டல் மைக்ரோமீட்டரை எடுத்துச் சட்டையில் துடைத்தான். வலது ஓரத்தில் அளந்து எண்ணைச் சத்தமாகப் படித்தான், நடுவில் அளந்து படித்தான், அதே எண், கடைசி ஸ்தானம் மட்டும் கொஞ்சம் தள்ளி, அது ஒரு தவ்வில் பாதிகூட இல்லை. சக் பக்கம் வந்தான். அளந்தான். படிக்கவில்லை. மறுபடி துடைத்துவிட்டு அளந்தான், ஷாஃப்டைப் பாதி சுற்றித் திருப்பி இன்னொரு தரம் அளந்தான், பிறகு மைக்ரோமீட்டரையே ஆச்சியிடம் நீட்டினான், ஆச்சிக்கு என்ன தெரியும், விசாலிதான் எட்டிப் பார்த்து, அதே நம்பர் ஆத்தா, அதேதான் என்று கத்தினாள். வாசலில் நின்ற மில் ஆட்கள் கை தட்டினார்கள், யாரோ ஒருவன் துரை பாஸ் என்றான். ஞானமணிக்கு, நான் சொன்னேனா இல்லையா என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது, வாத்தியாருக்கு உடனே போன் போட வேண்டும், அவர் இட்லிக் கிண்டலுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆச்சி எழுந்து லாரிக்காரரைப் பார்த்து, மத்ததக் கட்டுங்க அண்ணே, இந்த மூணும் எங்குட்டும் போகல என்றாள், பிறகு இவள் பக்கம் திரும்பி, அவுக இருந்திருந்தா இன்னைக்குச் சந்தோசப்பட்டிருப்பாக என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். முத்து கிட்டே வந்தான். அக்கா, என்றான், கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான், இத்தன வருசமும் மெஷினத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி, கோளாறு என் கையிலதான் இருந்திருக்கு. சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டான், நல்ல அகலமான கை, பிறகு கழுவக் குழாயடிக்குப் போனான்.

அவளுக்கு அந்த நிமிடத்தில் அதுவும் இனித்தது, உண்மையைச் சொன்னால் அதுதான் எல்லாவற்றையும்விட இனித்தது. விசாலி செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அக்கா இங்க பாருங்க, இருபத்தஞ்சு நிமிசத்த முப்பது செகண்டாச் சுருக்கி ஓட விட்டிருக்கேன், உங்க கை எவ்வளவு அழகா இருக்குன்னு பாருங்க. பார்த்தாள். சின்னத் திரையில் அவள் கை, மெலிந்த கல்யாண மோதிரம், நகக்கண்ணில் கரி, பக்கத்தில் துடைத்து வைத்த வளையம், கோடுகள் பளிச்சென்று. சுருள் பாம்பு மாதிரி விழுந்து விழுந்து மறைந்தது. கை அசையாமல் கிடந்தது, கிடந்தது, வளையம் சைபர் கோட்டிலேயே நின்றது, பிறகு, எங்கே, கடைசிப் பகுதியில், விரல்கள் லேசாக இறுகின, வளையம் நகர்ந்தது. ஒரு கோடு. இன்னும் கொஞ்சம். இரண்டாவது கோடு. அதற்கு மேலும் பாதி. நின்றது. படம் முடிந்து மறுபடி தானாகத் தொடங்கியது. இல்லையே, நான் தொடவே இல்லையே, என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், என்னக்கா என்றாள் விசாலி, ஒன்றுமில்லை என்றாள். மறுபடி அந்த இடம் வந்தது, மறுபடி கை இறுகியது, யார் கை இது, யார் சொல்லி நகர்த்தியது? பெட் தேய்ந்த இடத்தில் டூல் விலகுகிறது, விலகுகிற அளவுக்குக் கை உள்ளே தள்ளுகிறது, இரண்டரை தவ், முத்துவுக்குப் பெருத்து வந்த அதே இரண்டரை தவ், ஒரு மயிரிழை கூடவும் இல்லை குறையவும் இல்லை.

அப்படியென்றால் அன்றைக்கும் இதுதானா? எலிவேட்டர் ஷாஃப்ட் அன்றைக்கும்? எத்தனை வருடமாக, எந்த நாளிலிருந்து? தேயத் தேயக் கை கூடவே கற்றுக்கொண்டே வந்திருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். முத்து சொன்னது சரி, பதினேழு வருடமும் அவன் சொன்னதுதான் சரி, கோயம்புத்தூர், சாப்பிடாமல் போன பந்தி, இப்போது குழாயடியில் கையைப் பார்த்துப் பார்த்துக் கழுவுகிறானே அது… அந்த நினைப்புக்குப் பக்கத்திலேயே, அதை இடித்துத் தள்ளிக்கொண்டு, இன்னொன்றும் எழும்பியது, வெட்கமில்லாமல் எழும்பியது, கோடு பார்க்காமல், தனக்கே தெரியாமல், இரண்டரை தவ்வைக் கையால் போட்டு நேராக்கினவள் இந்த ஜில்லாவில் வேறு எவள் இருக்கிறாள், எவன் இருக்கிறான்? அத்தனை வருடம் துரை துரை என்று தலையில் தூக்கி வைத்து ஆடினாளே, நேராக இருந்தது துரையா? வெளியே லாரிக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார், இடம் நிறைய மிச்சம் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் ஆச்சியின் காதில் விழும், ஆச்சி நியாயமான மனுஷி, வேலை செய்யாதுன்னா வேண்டாம் என்று சொன்னவள். போட்டுரவா அக்கா, நெட்டுல, என் பக்கத்துல, என்று கேட்டாள் விசாலி, முத்து அண்ணனுக்கும் அனுப்புறேன், அவுகதான வளையத்தத் தொடச்சாக. இரு, என்றாள் ஞானமணி, இரும்மா, கொஞ்சம் பொறு.

முத்து ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான், மூலையில் கிடந்த இன்னொரு இரும்பைத் தூக்கினான், வெட்டத் தயாராக முனை சீவி வைத்த துண்டு. அக்கா, தப்பா நெனைக்கலேன்னா ஒண்ணு கேட்கவா, என்றான். நீங்க பக்கத்துலயே நில்லுங்க, நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்குறேன், இப்பவாச்சும் எனக்குக் கை வருதான்னு பாப்போம். நாற்பத்து மூன்று வயசு, காதோரம் நரை, முகத்தில் அந்தப் பழைய இரண்டாவது டர்னர். இவள் பதில் சொல்லுமுன் கடைந்ததைக் கழற்றிவிட்டு இந்த இரும்பை மாட்டிவிட்டான், டூலை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டான், விசையை நோக்கிக் கை நீட்டினான். ஓட்டினால் கடைசி ஆறு அங்குலத்தில் பெருக்கும், பெருத்ததை அவனே அளப்பான், அளந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவான், இந்தத் தடவை எங்கே போவான்? ஆச்சி வாசலில் நின்று லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள், லாரி முக்கி முனகி ஒரு தரம் கிளம்பப் பார்த்து அணைந்துபோயிற்று. ஞானமணி முத்துவின் கைக்கு மேல் தன் கையை வைத்தாள்.

"இரு தம்பி," என்றாள். "முதல்ல அந்த லாரி போகட்டும்."

அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் கையை எடுத்தான். லாரி மறுபடி முனகியது, இந்தத் தடவை பிடித்துக்கொண்டது, டிரைவர் பின்னால் பார்த்துப் பார்த்து மெல்ல வண்டியை வெளியே எடுத்தான், டயர் உமிக் குவியலில் ஏறி இறங்கியது, வாசலில் அதுவரை இல்லாத வெளிச்சம் விழுந்தது. வண்டி ரோட்டில் ஏறித் திரும்புகிறவரை இருவரும் அதையே பார்த்தார்கள். சரிக்கா, போயிருச்சு, சொல்லுங்க, என்றான் முத்து. சொல்லத்தான் வேண்டும், கோளாறு உன் கையில் இல்லை, பெட்டில்தான் என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் வாயைத் திறந்தாள், ஆனால் தன் வாய் இப்போது எதைச் சொல்லும் என்று அவளுக்கே தெரியவில்லை.